மைல் வாங்கினால் டிக்கெட் மலிவா?

‘இன்று நள்ளிரவு வரை மட்டும்: வாங்கும் ஒவ்வொரு 1,000 மைலுக்கும் இன்னொரு 1,000 இலவசம்!’ விமான நிறுவனங்களின் இந்த அறிவிப்பு இப்போது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வரைக்கும் வந்து சேர்கிறது. இங்கே மைல் என்பது தூரம் அல்ல, பின்னர் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் வெகுமதிப் புள்ளி. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வழியாக அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதாவது ஒரு விமானத் திட்டத்தில் உறுப்பினர் எண் கிடைத்திருக்கிறது. ‘ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்றால் பினாங்கில் கப்பலேறுவது என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளாகிச் சேவையிலிருந்து விலகியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று ஊருக்குப் போவது என்றால் திருச்சி விமானம், சென்னை விமானம், அதற்கு முன் டிக்கெட் விலையைப் பற்றிய ஒரு மாதத்துப் புலம்பல். அந்தப் புலம்பலுக்கு நடுவில்தான் ‘மைல் வாங்கலாமா?’ என்ற கேள்வி நுழைகிறது.

பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்கும் சில சந்தர்ப்பங்கள் உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்தும். இரண்டையும் பிரித்தறிய, விற்பவர் என்ன விற்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. அப்போது மைல் என்பது வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிறு: எங்களோடு பறந்தால் எண்ணி வைக்கிறோம், சேர்ந்ததும் ஒரு பயணம் இலவசம். பிறகு வங்கிகள் வந்தன. கடன் அட்டையில் செலவழிப்பவருக்கு மைல் கொடுக்க வேண்டும் என்றால் வங்கி அந்த மைலை விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பறப்பதைவிட மைல் விற்பதே நம்பகமான வருமானம் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டது அப்போதுதான். 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் கிடந்தபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானமாக வைத்து 680 கோடி அமெரிக்க டாலர் திரட்டியது. கடன் கொடுத்தவர்கள் நம்பியது பறக்காத விமானங்களை அல்ல. மைல் விற்பனையிலிருந்து தொடர்ந்து வரப்போகும் பணத்தை.

வங்கி வாங்குவது மொத்த விலையில். உங்களுக்கும் எனக்கும் விற்பது சில்லறை விலையில். அந்தச் சில்லறை விற்பனையைக்கூடப் பல நிறுவனங்கள் தாமே நடத்துவதில்லை. டொரொன்டோவில் தோன்றிய பாயின்ட்ஸ் போன்ற இடைநிலை நிறுவனம் ஒன்று அவற்றுக்காகக் கடை விரிக்கிறது. எனவே மின்னஞ்சலில் தெரியும் ‘100 விழுக்காடு போனஸ்’ எந்த விலையின் மேல் கொடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களே உயர்த்தி வைத்த சில்லறை விலையின் மேல்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் டீச்சர். தை மாதம் கணவரோடு சென்னைக்குப் போக வேண்டும், அங்கிருந்து கும்பகோணம், திருவாரூர் என்று கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். மைல் விற்பனை அறிவிப்பு கைப்பேசியில் வந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். “தம்பி, பாதி விலை என்கிறான். வாங்கிவிடட்டுமா?” என்றார். மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

1,000 மைலின் விலை 35 அமெரிக்க டாலர். போனஸாக இன்னொரு 1,000. ஆக 2,000 மைலுக்கு 35 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென் என்று வைத்துக்கொண்டால் 147 ரிங்கிட். ஒரு மைல் 7.35 சென் (100 சென் ஒரு ரிங்கிட்). ஒருவர் சென்னைக்குப் போய்த் திரும்ப 40,000 மைல் கேட்டார்கள். 40,000 மைலை வாங்க 2,940 ரிங்கிட். மைல் கொடுத்துவிட்டால் டிக்கெட் இலவசம் என்பது பொதுவான நினைப்பு. இல்லை, வரிகளும் கட்டணங்களும் காசாகவே கட்ட வேண்டும். அது ஏறத்தாழ 300 ரிங்கிட் என்று திரை காட்டியது. மொத்தம் 3,240.

அதே விமானம், அதே நாள், காசு கொடுத்து வாங்கினால் வரியும் சேர்த்து 1,450 ரிங்கிட். டீச்சர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

மைல் மீதுள்ள மயக்கம் எல்லாம் இந்த ஒரு கணக்கில் தெளிந்துவிடும். காசு விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கும் எப்படியும் கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை, கேட்கும் மைல் எண்ணிக்கையால் வகுங்கள். 1,450இல் 300 போனால் 1,150. அதை 40,000 ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 2.9 சென்கூட வரவில்லை. அந்தப் பயணத்தில் டீச்சருக்கு மைல் தரும் பயன் அவ்வளவுதான். அதை 7.35 சென் கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள், அதையும் பாதி விலை என்று சொல்லி. குறைந்த கட்டண விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் அகலம். பெட்டி எடைக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்டினாலும், நம்மில் பெரும்பாலோர் ஊருக்குப் போவது அந்த விமானங்களில்தானே.

அந்த வரிகள் எவை என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘இலவச’ டிக்கெட்டில் பலரைத் திடுக்கிட வைப்பவை அவைதான். விமான நிலையப் பயணிகள் சேவைக் கட்டணம் ஒன்று. 2019 செப்டம்பர் 1 முதல் மலேசியா வசூலிக்கும் வெளியேற்ற வரி இன்னொன்று: ஆசியான் நாடுகளுக்குச் சாதாரண வகுப்பில் 8 ரிங்கிட், இந்தியா உள்ளிட்ட மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட். உயர் வகுப்பில் உட்கார்ந்தால் அதே வரி 50, 150 என்று தாவுகிறது. இவை அரசாங்கமும் விமான நிலையமும் எடுப்பவை. இவற்றோடு சில நிறுவனங்கள் ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று ஒரு தொகையையும் மைல் டிக்கெட்டில் சேர்த்துவிடுகின்றன. மைல் டிக்கெட்டை மதிப்பற்றதாக்க அது ஒன்றே போதும். கடைசித் திரை வரைக்கும் போய்ப் பார்க்காமல் அது எவ்வளவு என்று தெரியாது.

மைல் வாங்குவதைப் பெரிய சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் சென்னை டிக்கெட்டைக் காட்டுவதில்லை. லண்டன் பிசினஸ் வகுப்பைக் காட்டுவார்கள். அவர்கள் கணக்கும் பொய் அல்ல. போய்வர 2 லட்சம் மைல். மேலே சொன்ன 7.35 சென் விலையில் 14,700 ரிங்கிட். வரி 2,500 என்றால் மொத்தம் 17,200. காசு விலை 18,000. ஆக, 800 ரிங்கிட் மிச்சம்! தாளில் இது லாபம்தான்.

ஆனால் 18,000 ரிங்கிட் கொடுத்து லண்டனுக்குப் படுத்துக்கொண்டு போகும் திட்டம் உங்களுக்கு இருந்ததா? மகள் படிக்கும் ஊரைப் பார்க்க 3,800 ரிங்கிட் சாதாரண டிக்கெட் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அப்படியானால் ஒப்பிட வேண்டிய விலை 3,800தான். படுக்கை இருக்கையும் நல்ல சாப்பாடும் உங்களுக்கு இன்னும் 2,000 ரிங்கிட் பெறும் என்று தாராளமாகவே சேர்த்துக்கொண்டாலும் 5,800 ஆகிறது. வரி 2,500ஐக் கழித்தால் 3,300. 2 லட்சத்தால் வகுத்தால் மைலுக்கு 1.65 சென். டீச்சரின் சென்னைக் கணக்கைவிட இது மோசம். வாங்கவே நினைக்காத ஒரு பொருளின் விலைச்சீட்டை வைத்து லாபம் பார்ப்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். மைலின் மதிப்பைச் சொல்லும் பட்டியல்கள் பலவும் இப்படித்தான் தயாராகின்றன. வாசிக்கும்போது ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு வாசிப்பது நல்லது.

உண்மையிலேயே அந்த 18,000ஐக் காசாகக் கொடுக்கப்போகிறவர் இருந்தால், தாராளமாக மைல் வாங்கட்டும். முதுகு வலிக்காரர், தொழிலதிபர், வயதான பெற்றோரைப் படுக்க வைத்தே அழைத்துப் போக வேண்டியவர் என்று அப்படிப்பட்டவர்களும் உண்டு. நம் ஊரில் மருத்துவக் காரணத்துக்காக அப்படிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக்கூட ஒரு நிபந்தனை: இருக்கை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மைல் கையில் இருப்பது வேறு, மைலுக்கு இருக்கை கிடைப்பது வேறு. ஒவ்வொரு விமானத்திலும் குறைந்த மைலுக்குத் திறந்துவிடும் இருக்கைகள் சில மட்டுமே. காசு கொடுக்க ஆள் இருக்கும் நாளில் அவற்றைத் திறக்க நிறுவனத்துக்கு என்ன அவசியம்? நம்மவர்கள் ஊருக்குப் போகும் நாட்களைப் பாருங்கள்: ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல். எல்லாரும் போகும் நாளில்தான் நாமும் போகிறோம். அந்த நாட்களில் குறைந்த மைல் இருக்கை மறைந்துவிடும்; அல்லது இரட்டிப்பு மைல் கேட்கும் வகை மட்டும் மிஞ்சியிருக்கும். கல்யாண முகூர்த்தத்தை மைல் கிடைக்கும் நாளுக்கு மாற்றவா முடியும்? இன்னும் சில திட்டங்களில், எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் நிலையான அட்டவணையே கிடையாது. டிக்கெட் விலை ஏற ஏறக் கேட்கும் புள்ளிகளும் ஏறும். அப்படிப்பட்ட திட்டத்தில் புள்ளி வாங்குவதில் எந்த வித்தையும் இல்லை. விலை கூடக் கொடுத்து வாங்கிய பரிசுக் கூப்பன்தான் அது.

வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்களுக்கு: மைல் சேமிப்பு அல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் புள்ளிக்கும் அவ்வாறே. அதைவிடப் பெரிய ஆபத்து அட்டவணை மாற்றம். கிரிஸ்ஃபிளையர் 2022 ஜூலையிலும் 2025 நவம்பரிலும் பயணத்துக்குத் தேவைப்படும் மைலைக் கூட்டியது. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 2015இல் அட்டவணையையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. இதில் கணக்கியல் காரணம் ஒன்றும் இருக்கிறது: நீங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மைல் நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு கடன். காலாவதியாகிற ஒவ்வொரு மைலும் அந்தக் கடனைக் கரைக்கிறது. அட்டவணையை உயர்த்துவதும் அதன் சுமையை இலேசாக்குகிறது. அந்தக் காலத்துத் தோட்டக் கடைப் புத்தகம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கணக்கு எழுதுகிறவரும் அரிசி விலையை வைக்கிறவரும் ஒரே ஆள்.

அந்த ஆளோடு வழக்குப் பேசவும் முடியாது. அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று சொல்லி நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ஒரு பயணியின் உறுப்பியத்தையே ரத்து செய்தது. அவர் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விதிமுறைகளைப் படித்தால், மைல் உறுப்பினரின் சொத்து அல்ல என்று பெரும்பாலான நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. நிறுவனமே மூடப்பட்டால் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவின் கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, மைலைக் காட்டி ஏறுவதற்கு விமானமே இல்லாமல் போனது.

கடன் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மைல் சேர்க்க எளிய வழி பறப்பதல்ல, அட்டை தேய்ப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி கடன் அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அட்டையே கிடையாது. ஆக, மைலை இலவசமாகச் சேர்க்கும் வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் வழி மட்டும் அகலத் திறந்திருக்கிறது. விலை அதிகமான வாசல் யாருக்கு விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இது எரிச்சலூட்டுகிறது.

அட்டை உள்ளவர்களும் ஒரு கணம் நிதானிக்கலாம். மைல் விற்பனை டாலரில் நடப்பதால் வங்கியின் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேரும். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டாமல் நிலுவை வைத்தால் வட்டி 18 விழுக்காடு வரை போகும். டீச்சரின் 2,940 ரிங்கிட்டை ஓராண்டு நிலுவையில் வைத்தால் வட்டியே 500 ரிங்கிட்டைத் தாண்டும். அந்தப் பணத்தில் ஈப்போ அமன் ஜெயா முனையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்குக் குடும்பமே பஸ்ஸில் போய்வரலாம். சுங்கை சிப்புட்காரனுக்கு அந்தப் பஸ் செலவும் டிக்கெட் விலையின் ஒரு பகுதிதான். பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் வந்த பிறகு வடக்கே போவதா, தெற்கே போவதா என்று வேறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எந்த மைல் விளம்பரமும் இதையெல்லாம் சேர்த்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்கே வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். ஓர் இறப்புச் செய்தி. தஞ்சாவூர்ப் பக்கம் தாய்மாமன் காலமாகிவிட்டார். நாளை காலைக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவழி டிக்கெட்டே 1,600 ரிங்கிட் சொல்கிறது. ஆனால் மைல் அட்டவணை நிலையாக இருக்கும் திட்டத்தில், அவசரமானாலும் ஆறு மாதத்துக்கு முன்பே பதிந்தாலும் கேட்பது அதே 20,000 மைல். காலியாக இருக்கும் இருக்கைகளைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு மைலுக்குத் திறந்துவிடும் நிறுவனங்களும் உண்டு. உறுதி கிடையாது; தேடிப் பார்க்க வேண்டும். கணக்கில் 18,500 மைல் இருக்கிறது, 1,500 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுக்கும்போதே குறையும் மைலை வாங்கிக்கொள்ளக் கிரிஸ்ஃபிளையர் வழி வைத்திருக்கிறது; 1,000 மைல் 40 அமெரிக்க டாலர். கொள்ளை விலைதான்: ஒரு மைல் 16.8 சென். ஆயிரம் ஆயிரமாக வாங்க வேண்டியிருப்பதால் இரண்டாயிரம் வாங்கினாலும் அதற்கு 336 ரிங்கிட், வரி ஒரு 150, ஆக 486இல் வேலை முடிகிறது. ஏற்கெனவே இருந்த 18,500 மைலுக்கும் மைலுக்கு 3 சென் என்று மதிப்புப் போட்டு 555ஐச் சேர்த்தாலும் 1,041தான் வருகிறது. 1,600 எங்கே, 1,041 எங்கே?

ஆக, கொஞ்சம் குறையும்போது மட்டும், இருக்கை கண்ணுக்குத் தெரியும்போது மட்டும், எடுக்கப்போகும் டிக்கெட்டின் காசு விலை ஏறியிருக்கும்போது மட்டும் வாங்கலாம். அதிலும் வரிசை முக்கியம். முதலில் உறுப்பினர் கணக்கில் நுழைந்து அந்த நாள் இருக்கையைக் கடைசித் திரை வரைக்கும் கொண்டுபோய் வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு காசு விலையைத் திறந்து வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மைல் வாங்கும் பொத்தான். வாங்கிய மைலைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க முடியாது. சில திட்டங்களில் வாங்கிய மைல் கணக்கில் ஏறச் சற்று நேரமாகும், அதற்குள் இருக்கை போய்விடலாம்.

வாங்குவதற்கு முன் வீட்டுக்குள் ஒருமுறை தேடிப் பார்ப்பதும் நல்லது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கணக்கில் மைல் தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே அம்மா தன் பெயரில் புதிதாக வாங்கிக்கொண்டிருப்பார். பல திட்டங்களில் உறுப்பினர் தன் மைலைக் கொண்டு குடும்பத்தாருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். கிரிஸ்ஃபிளையரில் அப்படி ஐந்து பேரின் பெயரை முன்கூட்டியே பதிந்து வைக்க முடியும். கடவுச்சீட்டில் இருப்பது போலவே பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், தந்தை பெயர் உட்பட. டீச்சரின் மகன் இருப்பதும் சிங்கப்பூரில்தான். அவன் கணக்கில் 31,000 மைல் இருந்தது. அதில் பாதி அடுத்த மார்ச்சில் காலாவதியாகிறது. அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் பதிவாகிவிட்டன. தை மாதத்துக்கு ஒருவருக்கு மட்டும் ஒருவழி மைல் இருக்கை கிடைத்திருக்கிறது. மற்ற டிக்கெட்டுகளை ஊர் டிராவல்ஸில் காசு கொடுத்து எடுத்திருக்கிறார்கள்.